மூன்று ஊரும் சேர்ந்து கூப்பிட்டால் பெரிய கடை வருமா?

நூல்கண்டு_அண்ணாச்சி கேட்டது:

வணக்கம். தினமும் படிக்கிறவன், எழுதுவது இது இரண்டாவது தடவை. ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சேரன்மகாதேவிக்கு மேற்கே, தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கிற ஒரு பேரூராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடிக்கிறவர்கள் கண்டுபிடித்துவிட்டுச் சும்மா இருங்கள்.

பஜாரில் இருபத்திரண்டு வருடமாகத் தையல் சாமான் கடை வைத்திருக்கிறேன். நூல், பட்டன், ஜிப், லைனிங் துணி, சேலைக்கு ஃபால்ஸ், கொக்கி, இப்போது ஆரி வேலைக்கு மணியும் ஜரிகையும். எங்கள் ஊரில் தையல்காரர்கள் அதிகம், அதனால் கடை ஓடியது. ஓடியது என்று இறந்தகாலத்தில் எழுதுகிறேன், கவனியுங்கள்.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வரும் மைத்துனரைக் கூட்டிவர ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். திருநெல்வேலியில் இருந்து செங்கோட்டை போகிற சாயங்கால வண்டி வந்து நின்றது. இறங்குகிற ஜனங்கள் கையில் எல்லாம் கட்டைப்பை. துணிக்கடைக் கட்டைப்பை, பாத்திரக்கடைக் கட்டைப்பை, ஒருத்தர் தலையில் மிக்ஸி டப்பா. சும்மா நிற்கிற நேரத்துக்கு எண்ணலாம் என்று எண்ணினேன். ஐம்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். அந்தக் கூட்டத்தில் என் வாடிக்கையாளர் ஒரு அக்கா, என்னைப் பார்த்ததும் நின்று, "அண்ணாச்சி, ஃபால்ஸும் லைனிங்கும் அங்கனயே எடுத்துட்டேன், சேலைக்குச் சரியா கலர் பாத்துக் குடுத்துட்டாங்க" என்றார். குத்திக்காட்டவில்லை, தகவலாகச் சொன்னார். அதுதான் இரண்டு நாள் தூக்கம் போனதற்குக் காரணம். துணி எங்கே எடுக்கிறார்களோ அங்கேதான் நூலும் எடுப்பார்கள். இது ஆன்லைன் வியாபாரத்தால் மட்டும் வந்த கேடு இல்லை. ரயில் ஏறிப் போய் வாங்குகிறார்கள், டிக்கெட் எடுத்து, வெயிலில் நின்று, சாப்பாட்டுக்கும் செலவழித்து.

இப்போது விஷயம். மூன்று மாதம் முன்பு ஒரு பெரிய துணிக்கடைக் குழுமத்துக்கு இடம் பார்க்கிற ஒருவர் எங்கள் பக்கம் சுற்றினார். என் கடையில்தான் வழி கேட்டார், டீ வாங்கிக்கொடுத்தேன். முதலில் எங்கள் பேரூராட்சிக்குப் போயிருக்கிறார். அங்கே, "பக்கத்து ஊர்ல ரோடு ரொம்பக் குறுகல், வண்டி திரும்பாது, இங்கயே பாருங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். ஆறு கிலோமீட்டர் தள்ளி அடுத்த பேரூராட்சி. அங்கே போனால், "அந்த ஊர்ல தண்ணிக்கே தகராறு, சார்" என்றார்களாம். இரண்டு ஊரும் ஒரே ஆற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறது! நடுவில் ஒரு கிராம ஊராட்சி இருக்கிறது, ரோடு பிரிகிற விலக்கில் மேட்டாங்காடாக நல்ல இடமும் இருக்கிறது. அங்கே யாரும் அவரைக் கூட்டிக்கொண்டே போகவில்லை. அவர் டைரியை மூடிக்கொண்டு ஆலங்குளம் பக்கம் போய்விட்டார்.

என் கேள்வி இதுதான். கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று பத்து ஊருக்கு ஒரே குழாய் போடுகிறோம். அதுபோல இரண்டு பேரூராட்சியும் ஒரு ஊராட்சியும் சேர்ந்து, "எங்கள் மூன்று ஊருக்கும் சேர்த்து ஒரு கடை வளாகம் வரட்டும்" என்று கூப்பிட முடியுமா? சட்டத்தில் இடம் உண்டா? கடை ஒரு எல்லைக்குள்தானே நிற்கும், வரி அந்த ஊருக்குப் போனால் மற்ற இரண்டு ஊரும் எதற்குக் கை கொடுக்கும்? எங்கேயாவது இப்படி நடந்திருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டுகிறவர்களும் திட்டுங்கள், ஆனால் முழுவதும் படித்துவிட்டு.


பழைய_செயல்அலுவலர் எழுதியது:

பேரூராட்சிகளில் செயல் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆறு ஊர் பார்த்திருக்கிறேன், அதில் இரண்டு உங்கள் ஆற்றங்கரையில்தான்.

முதலில் காசுக் கணக்கு. ஒரு பெரிய கடை வந்தால் உள்ளாட்சிக்கு என்ன வரும் என்பதில் எல்லோருக்கும் ஒரு மயக்கம் இருக்கிறது. விற்கிற துணிக்குப் போடுகிற ஜிஎஸ்டி மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் போகும். உங்கள் ஊரில் விற்றது என்பதற்காகப் பேரூராட்சிக்குத் தனியாக ஒரு பைசா வராது. வருவது கட்டடத்துக்கான சொத்து வரி, அரையாண்டுக்கு ஒரு தடவை. வேலை பார்க்கிறவர்களிடம் தொழில் வரி, அதுவும் ஒருவருக்கு வருடம் 2,500 ரூபாய்க்கு மேல் வாங்க அரசியல் சாசனமே விடாது. அப்புறம் உரிமக் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம், குடிநீர்க் கட்டணம். சொத்து வரிதான் கனம். 2022-ல் சென்னைக்கு வெளியே வணிகக் கட்டடங்களுக்கு அதை 100 சதவீதம் உயர்த்தினார்கள், ஞாபகம் இருக்கும். அதனால் எந்த எல்லைக்குள் கட்டடம் நிற்கிறதோ அந்த ஊருக்குத்தான் லாபம். கூட்டம், குப்பை, நெரிசல் மட்டும் எல்லைக்கல்லைப் பார்த்து நிற்காது.

சட்டம் கேட்டீர்கள். 1994 ஊராட்சிகள் சட்டத்திலேயே பக்கத்து உள்ளாட்சிகளோடு கூட்டுக் குழு அமைக்க வழி இருக்கிறது. அரசியல் சாசனத்தில் மாவட்டத் திட்டக் குழு என்று 243 இசட் டி பிரிவு இருக்கிறது. ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான விஷயங்களை, இடத் திட்டமிடல், தண்ணீர் பங்கீடு எல்லாம் சேர்த்து அது கவனிக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆகவே இடம் உண்டு. ஆனால் வசூலித்த வரியைப் பக்கத்து ஊருக்குப் பங்கு வைத்துக் கொடுத்ததை என் சர்வீஸில் நான் ஒரு தடவையும் பார்த்ததில்லை. கேட்டாலே ஆடிட்டில் என்ன எழுதுவார்களோ என்று எல்லோரும் பயப்படுவார்கள்.

வேறு வழி இருக்கிறது. வரியைப் பிரிக்காதீர்கள், செலவைப் பிரியுங்கள். கடை ஊராட்சி எல்லையில் வருகிறது என்று வையுங்கள். ஊராட்சியிடம் குப்பை லாரி இருக்காது, உரக்கிடங்கு இருக்காது. அதை உங்கள் பேரூராட்சி செய்து கொடுக்கட்டும், ஊராட்சி அதற்கு மாதாமாதம் கட்டணம் கட்டட்டும். தெருவிளக்கு, வாறுகால், பஸ் நிறுத்தம் எல்லாம் இப்படிப் பேசலாம். ஒரே வாசகத்தில் மூன்று மன்றமும் தீர்மானம் போட வேண்டும். வார்த்தை மாறினால் அதுவே ஆறு மாதம் இழுக்கும்.

இன்னொரு சங்கதி. பேரூராட்சி ஒரு துறை, ஊராட்சி வேறு துறை. உங்களுக்கு மேலே ஒரு ஏ.டி. (உதவி இயக்குநர்), அவர்களுக்கு மேலே ஒரு ஏ.டி. ஃபைல் போகிற பாதை வேறு வேறு. இரண்டு பாதையும் சேருகிற முதல் இடம் கலெக்டர் மேசை. ஆகவே நேரே அங்கே திங்கட்கிழமை மனுவோடு போவது உத்தமம். நான் வேலையில் இருந்தபோது 2004-ல் பேரூராட்சிகளை எல்லாம் சிறப்பு ஊராட்சி என்று மாற்றி, 2006-ல் மறுபடியும் பேரூராட்சி ஆக்கினார்கள். போர்டு மட்டும் இரண்டு தடவை பெயிண்ட் அடித்தோம். துறை மாறினால் என்ன பாடு என்று அப்போது பட்டவன் சொல்கிறேன்.


பலசரக்கு_3ம்தலைமுறை எழுதியது:

அண்ணாச்சி, கோபப்படாமல் கேளுங்கள். உங்கள் வீட்டுக் கதவை நீங்களே திறந்து வைத்து, வா என்று கூப்பிடுகிறீர்கள்.

துணிக்கடையோடு அவன் நிற்பானா? கீழே பாத்திரம், முதல் மாடி துணி, இரண்டாம் மாடி பர்னிச்சர், வெளியே ஐஸ்கிரீம், பின்னால் பலசரக்கு. ஃபால்ஸும் லைனிங்கும் அவனே ஒரு மூலையில் மாட்டி வைப்பான், அந்த அக்கா சொன்னது மாதிரி கலர் பார்த்து எடுத்தும் கொடுப்பான். திருநெல்வேலியில் இருந்தால் மாதம் ஒரு தடவைதான் போவார்கள். ஆறு கிலோமீட்டரில் இருந்தால் தினமும் போவார்கள். தூரம்தான் இன்றைக்கு உங்களைக் காப்பாற்றுகிறது.

எங்கள் கடையில் பற்று நோட்டு இன்னும் இருக்கிறது. கார் நெல் அறுத்ததும் பாதி, பிசான நெல் அறுத்ததும் மீதி என்று கொடுக்கிற வீடுகள் நாற்பது இருக்கும். தாத்தா காலத்துக் கணக்கு. அந்தக் கண்ணாடிக் கடையில் போய், "பிசானம் அறுத்துட்டுத் தாறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் நாங்கள் மூடிய பிறகு இந்த நாற்பது வீடும் யாரிடம் போகும்? இதை மூன்று மன்றத்திலும் தீர்மானத்தில் எழுதுவார்களா?


நூல்கண்டு_அண்ணாச்சி எழுதியது:

கோபமே இல்லை. நீங்கள் சொல்வதில் பாதி சரி.

ஆனால் தூரம் என்னைக் காப்பாற்றுகிறது என்பது ஐந்து வருடம் முன்பு உண்மை. இப்போது இல்லை. போன தீபாவளிக்கு என் கடையில் ப்ளவுஸ் லைனிங் எவ்வளவு போனது என்று நோட்டைப் பார்த்தேன், எழுதவே வெட்கமாக இருக்கிறது. துணி உள்ளூரில் எடுத்தால் தையலும் உள்ளூரில் நடக்கும், நூல் தீர்ந்தால் ஓடி வந்து என்னிடம் ஒரு உருளை வாங்குவார்கள். அங்கே துணி எடுத்தால் அங்கேயே ஆயத்த ப்ளவுஸும் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். பெரிய கடை ஒரு தையல்காரருக்கு அவசரத்துக்குப் பத்து ரூபாய் நூல் விற்காது. அந்தப் பத்து ரூபாய்தான் என் பிழைப்பு.

பற்று நோட்டு விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அதை ஒத்துக்கொள்கிறேன்.


இடம்_பார்க்கிறவன் எழுதியது:

இதே வேலைதான் நானும் பார்க்கிறேன், வேறு கம்பெனி. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். இடம் பார்க்க வருகிறவன் எதைப் பார்க்கிறான் என்று மட்டும் சொல்கிறேன், உங்களுக்குப் பிரயோஜனமாக இருக்கும்.

உங்கள் ஊர் ஜனத்தொகை எங்களுக்குத் தேவையே இல்லை. பேரூராட்சி எல்லை எங்கள் மேப்பில் கிடையாது. ஒரு இடத்தில் நின்றுகொண்டு, அரை மணி நேரத்தில் எத்தனை ஊர் ஆட்கள் இங்கே வந்து இறங்க முடியும் என்று பார்ப்போம். ஒரு பேரூராட்சியை மட்டும் காட்டினால் எண்ணிக்கை பத்தாது, திரும்பிவிடுவோம். மூன்று ஊரையும் சுற்றுக் கிராமங்களையும் சேர்த்துக் காட்டினால் உட்கார்ந்து பேசுவோம். நீங்கள் ஒருவரை ஒருவர் குறை சொன்னபோது அவருக்குக் கேட்டது "இந்த ஊரும் சின்னது, அந்த ஊரும் சின்னது" என்பது மட்டும்தான்.

எங்கள் கணக்கு விசித்திரமாக இருக்கும். நகைக்கடை எத்தனை, அடகுக்கடை எத்தனை, அதில் எது புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறது. கல்யாண மண்டபத்தில் ஆவணி, தை முகூர்த்தத்துக்கு எத்தனை நாள் புக்கிங். காலை எட்டரைக்குப் பள்ளி வேன் எத்தனை போகிறது. ஞாயிறு சாயங்காலம் ஏடிஎம் வாசலில் வரிசை எவ்வளவு. ஒரு டீக்கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலே பாதி தெரிந்துவிடும். நூல்கண்டு அண்ணாச்சி ஸ்டேஷனில் கட்டைப்பை எண்ணினாரே, அதற்காகவே அவருக்கு வேலை கொடுக்கலாம்.

பஸ்ஸை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, நான் எடுப்பேன். 2021 மே மாதத்தில் இருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஒரு விலக்கில் எத்தனை டவுன் பஸ் வழித்தடம் நிற்கிறதோ அத்தனை கிராமத்துப் பெண்கள் செலவே இல்லாமல் அங்கே வந்து போகலாம். துணிக்கடைக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் எது?

இனி நிலம். உங்கள் பக்கத்தில் இடம் பார்க்க வந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சிதான், தொழிலுக்குத் தொல்லைதான். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாய்கிற வயல். எல்லாம் நஞ்சை. நஞ்சையை வேறு உபயோகத்துக்கு மாற்ற வேளாண்மைத் துறை கருத்துச் சொல்ல வேண்டும், கலெக்டர் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் கம்பெனிக்கு அத்தனை பொறுமை கிடையாது, அந்த வயலை மூடுவதும் நியாயம் இல்லை என்று எனக்கே தோன்றும். ஊருக்குள் போனால் பட்டாவில் பதினான்கு பேர், அதில் இரண்டு பேர் மும்பையில். ஆகவே அந்த விலக்குப் பக்கத்து மேட்டாங்காடு புஞ்சை என்றால், ஒரே பட்டா என்றால், குளத்துப் புறம்போக்கு கலக்கவில்லை என்றால், அதுதான் இடம். ஆனால் அது ஊராட்சி எல்லை. ஊராட்சித் தலைவர் ஒத்துக்கொண்டாலும் மனை அனுமதிக்கு நகர் ஊரமைப்பு அலுவலகம் போகணும். நான்குவழிச் சாலை வந்த பிறகு தென்காசி ரோட்டில் இடம் சுலபம், அதனால்தான் எல்லோரும் ஆலங்குளம், பாவூர்சத்திரம் என்று ஓடுகிறோம். உங்கள் பாபநாசம் ரோட்டுக்கு ஒருவன் வந்ததே அதிசயம்.


இரட்டைநகர்_நெல்லைக்காரன் எழுதியது:

பாளையங்கோட்டையில் பிறந்து, இப்போது அமெரிக்காவில் மினசோட்டாவில் இருக்கிறேன். இங்கே மினியாப்பொலிஸ், செயின்ட் பால் என்று இரண்டு ஊர், நடுவே மிசிசிப்பி. நம் நெல்லை, பாளை மாதிரியே. இரட்டை நகரம் என்றுதான் இங்கேயும் சொல்வார்கள். முதல் தடவை அதைக் கேட்டபோது கண் கலங்கிவிட்டது, குளிராலும் இருக்கலாம்.

நீங்கள் கேட்ட "வரி ஒரு ஊருக்கு, தொல்லை எல்லா ஊருக்கும்" என்ற பிரச்சினைக்கு இங்கே 1971-ல் ஒரு சட்டம் போட்டார்கள். இந்த நகரப் பகுதியில் ஏழு கவுன்டிகள், கவுன்டி என்றால் தோராயமாக நம் தாலுகா என்று வையுங்கள். அந்த ஏழுக்குள் இருக்கிற ஒவ்வொரு ஊரிலும், 1971-க்குப் பிறகு வணிக, தொழில் கட்டடங்களால் கூடின வரி அடித்தளத்தில், அதாவது வரி போடுகிற சொத்து மதிப்பில், 40 சதவீதம் பொதுக் கணக்குக்குப் போகும். அந்தப் பொதுக் கணக்கில் இருந்து, ஜனத்தொகையையும், தலைக்கு எவ்வளவு சொத்து மதிப்பு என்பதையும் பார்த்து எல்லா ஊருக்கும் பிரிப்பார்கள். ஏழை ஊருக்குக் கூடுதல். ஆகவே பெரிய கடை பக்கத்து ஊரில் வந்தாலும் உங்கள் ஊருக்குக் கொஞ்சம் வரும். 1992-ல் புளூமிங்டன் என்ற ஊரில் மால் ஆஃப் அமெரிக்கா என்று பெரிய வளாகம் திறந்தார்கள், அதுவும் இந்த ஏழு கவுன்டிக்குள்தான்.

எல்லோரும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். பர்ன்ஸ்வில் என்கிற ஊர், எங்கள் காசை ஏன் கொடுக்க வேண்டும் என்று வழக்குப் போட்டது. 1974-ல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் நடைமுறைக்கு வந்தது. இன்றும் கொடுக்கிற ஊர்கள் முணுமுணுக்கும், வாங்குகிற ஊர்கள் பேசாமல் இருக்கும்.

நம்மூருக்கு அப்படியே தூக்கி வர முடியாது. அங்கே மாநில சட்டசபை போட்ட சட்டம், மூன்று ஊர் பேசி முடித்த ஒப்பந்தம் இல்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள்: பிரித்தது பழைய வரியை இல்லை, புதிதாகக் கூடுவதில் ஒரு பங்கை. உள்ளதில் கை வைத்தால் எந்த ஊரும் விடாது. இன்னும் வராததில் பங்கு என்றால் கொஞ்சம் காது கொடுக்கிறார்கள்.


பழைய_செயல்அலுவலர் எழுதியது:

பாளையங்கோட்டைத் தம்பி சொன்னதும் ஞாபகம் வருகிறது. 1994-ல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளையும் தச்சநல்லூரையும் சேர்த்து ஒரே மாநகராட்சி ஆக்கினார்கள். அது கூட்டு இல்லை, இணைப்பு. இன்றும் பாளையங்கோட்டைக்காரர் பாலம் தாண்டினால், "திருநவேலிக்குப் போய்ட்டு வாறேன்" என்றுதான் சொல்வார். கூட்டு என்று பேச்சு எடுத்ததும் சின்ன ஊர்க்காரர்களுக்கு முதலில் காதில் விழுவது இந்த இணைப்புத்தான். அதைக் கவனித்துப் பேசுங்கள்.


நடுவூர்_டெய்லர் எழுதியது:

நூல்கண்டு அண்ணாச்சி, நான் உங்களிடம் நூல் வாங்குகிறவள்தான். ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கினால் ஒரு கட்டு ஊசி சும்மா தருவீர்கள். யாரென்று கண்டுபிடித்தால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேரூராட்சிக்காரர்களும் எங்கள் ஊர் மேட்டாங்காட்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள். எங்களிடம் யாராவது கேட்டீர்களா? இந்தப் பதிவை என் மகன் காட்டித்தான் நான் படித்தேன்.

இணைப்பு பற்றி அந்த ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. 2025 தொடக்கத்தில் ஊராட்சிகளை நகராட்சிகளோடும் பேரூராட்சிகளோடும் சேர்க்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தபோது எத்தனை ஊரில் ரோட்டில் உட்கார்ந்தார்கள், தெரியும்தானே. டவுனோடு சேர்ந்தால் நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி கூடும். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அந்த வேலைதான் மழைக்காலத்துக் கஞ்சி. ஆகவே கடை வேண்டும் என்று கையெழுத்துக் கேட்டு வருகிறவர்கள் முதல் வரியில் "இது இணைப்பு இல்லை" என்று எழுதிக்கொண்டு வாருங்கள். இல்லை என்றால் கதவைத் திறக்க மாட்டார்கள்.

கடை வந்தால் எனக்கு நஷ்டமா, லாபமா என்று யோசித்தேன். நான் மாதம் அறுபது எழுபது ப்ளவுஸ் தைக்கிறேன். துணி பக்கத்தில் கிடைத்தால் இன்னும் கூடும் என்றுதான் தோன்றுகிறது. என் தங்கை மகள் திருநெல்வேலியில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறாள். ராத்திரி ஒன்பதரைக்குக் கடை மூடுகிறார்கள், அதற்கு மேல் வண்டி கிடையாது, ஹாஸ்டலில் தங்குகிறாள். விலக்கில் கடை என்றால் வீட்டுக்கு நடந்து வந்துவிடுவாள். எனக்கு அது ஒன்று போதும்.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆறரைக்கு மேல் எங்கள் விலக்கில் டவுன் பஸ் நிற்பதில்லை. கை காட்டினாலும் டிரைவர் முன்னால் போய் உங்கள் ஊரில்தான் நிறுத்துவார். ஃப்ரீ பஸ் என்று இங்கே ஒருவர் பெருமையாக எழுதியிருக்கிறார், நின்றால்தானே ஃப்ரீ. பெண்களுக்கு ஒரு கழிப்பறை விலக்கில் கிடையாது. இருட்டிவிட்டால் அந்த இடத்தில் விளக்கு ஒன்றே ஒன்று, அதுவும் உங்கள் எல்லையில் இருக்கிறது, எங்கள் பக்கம் இருட்டு. கடை வருவதற்கு முன்னாலேயே இரண்டு பேரூராட்சியும் எங்கள் பக்கம் விளக்கைப் போட்டுக் காட்டுங்கள். அப்புறம் கூட்டுக் குழு பற்றிப் பேசலாம். குப்பை வண்டியும் சரி, ஆனால் குப்பையை எங்கள் குளத்தங்கரையில் கொட்ட மாட்டோம் என்று எழுத்தில் வேண்டும்.


பலசரக்கு_3ம்தலைமுறை எழுதியது:

நடுவூர் அக்கா சொன்னதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். வளாகம் என்று கட்டினால் ரோட்டை ஒட்டிப் பத்துச் சின்னக் கடை அறை உள்ளூர்க்காரர்களுக்கு வாடகைக்கு என்று பேசுங்கள். பெரிய கடையின் வாசலில் எனக்கு ஒரு பத்துக்குப் பத்து அறை கிடைத்தால் பற்று நோட்டோடு அங்கேயே வந்து உட்காருவேன்.


நூல்கண்டு_அண்ணாச்சி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். உங்கள் பதில்களை என் மகள் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள், பதினோரு பக்கம். அதை வைத்துக்கொண்டு இரண்டு பேரூராட்சித் தலைவர்களையும் ஊராட்சித் தலைவரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்க நான் பட்ட பாடு தனிக் கதை. எங்கள் ஊருக்கு அவர் வர மாட்டார், அவர் ஊருக்கு இவர் போக மாட்டார். கடைசியில் நடுவூரில் சமுதாய நலக்கூடம். அங்கே ஃபேன் ஒன்றுதான், அதனால் மூன்று நாற்காலியையும் அதன் கீழே நெருக்கிப் போட வேண்டியதாயிற்று. பேச்சு சுமுகமாக நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஊராட்சித் தலைவர் அம்மா முதலில் கேட்டது விளக்குதான். எங்கள் தலைவர் அங்கேயே போன் போட்டார். மறு வாரம் எங்கள் கடைசிக் கம்பத்தில் இரண்டு கை வைத்து, ஒரு விளக்கை அவர்கள் பக்கம் திருப்பி மாட்டினார்கள். எங்கள் கம்பம், எங்கள் கரண்ட், வெளிச்சம் அவர்களுக்கு. இதற்குத் தீர்மானம் எதுவும் போடவில்லை, ஆடிட்டில் கேட்டால் காற்றில் திரும்பிவிட்டது என்பார்களாம்.

"இது இணைப்பு இல்லை" என்பதை முதல் வரியாகப் போட்டு, மூன்று மன்றத்துக்கும் ஒரே வாசகம் எழுதி முடித்தாயிற்று. பழைய செயல் அலுவலர் ஐயா திருத்திக் கொடுத்தார், நன்றி. குப்பைக்கு ஊராட்சி கட்டணம் கட்டும், உரக்கிடங்கு எங்களுடையது, குளத்தங்கரை கிடையாது. உள்ளூர்க்காரர்களுக்கு அறை என்பதையும் கோரிக்கையாக எழுதியிருக்கிறோம், பலசரக்கு அண்ணாச்சி கவனிக்க. வரியில் பங்கு என்ற பேச்சை எடுத்தபோது மூன்று பேரும் ஒரே நேரத்தில் டீ கிளாஸை எடுத்தார்கள், அதனால் அதை அப்படியே விட்டுவிட்டேன். விலக்கில் நிற்கிற பஸ் வழித்தடங்கள், சுற்றியுள்ள கிராமங்கள், மண்டபங்கள், பள்ளிக்கூடங்கள் எல்லாம் ஒரே தாளில் எழுதி, அந்த இடம் பார்க்கிறவருக்கு அனுப்பியிருக்கிறேன். பார்த்தேன் என்று நீல டிக் விழுந்திருக்கிறது. வேறு பதில் இல்லை.

மாட்டிக்கொண்டது வேறு ஒரு இடத்தில். தாளின் தலைப்பில் எந்த ஊர்ப் பெயரைப் போடுவது? கடை வந்தால் போர்டில் "கிளை:" என்று எந்த ஊரை எழுதுவார்கள்? எங்கள் தலைவர், ஸ்டேஷன் எங்கள் ஊரில்தான் என்றார். அடுத்த ஊர்த் தலைவர், தபால் பின்கோடு எங்களுடையது என்றார். ஊராட்சித் தலைவர் அம்மா, "மண்ணு எங்களுது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபேனைப் பார்த்தார். நான் சமாதானமாக, விலக்குப் பெயரையே வைத்துவிடலாம் என்று சொல்லித் தொலைத்தேன். "துணிக்கடைக்கு வெலக்குன்னா பேரு வைப்பீரு? எந்தப் பொம்பள வேய் உள்ள வருவா?" என்று மூன்று பேரும் சேர்ந்து என் மேல் பாய்ந்தார்கள். அன்றைக்கு மூவரும் ஒரே குரலில் பேசியது அந்த ஒரு தடவைதான்.

தலைப்பு இல்லாமலே தாள் போயிருக்கிறது. பெயருக்கு யாரிடமாவது யோசனை இருந்தால் எழுதுங்கள்.